கழிவில்லா வீடே கண்ணியமான வீடு

நகராண்மைக் கழகத்தின் சமூகப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களோடு வந்து பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நேரில் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும்; பணி ஓய்வு பெற்றும் அந்தக் குணம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

குப்பையே மிச்சமாகாமல் வாழ்வது எப்படி என்று உங்களுக்கு நான் பாடம் நடத்தப் போவதில்லை. சமையலறை மிச்சத்தை உரமாக்குவதும், பழைய எண்ணெயில் சோப்பு காய்ச்சுவதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்களில் ஒருத்தி பற்பொடிகூடத் தானே அரைத்துக்கொள்கிறாளாம். நல்லது, பல் பத்திரம். நான் சொல்ல வந்தது பாசிர் கூடாங்கில் ஓர் அடுக்குமாடியில் நடந்ததை. என் வேலைக்காலத்தில் தூக்கம் போனது கொஞ்ச நாள்தான். அதில் பாதி அந்த அடுக்குமாடியால் போனது.

குப்பை குறைக்கும் திட்டத்தை முதலில் சிம்பாங் ரெங்கத்தில் தொடங்கினோம். அங்கே எல்லாம் தரை வீடுகள். கொல்லையில் வாழை இருக்கும், மரவள்ளி இருக்கும். ஒரு குழி தோண்டினால் சமையலறைக் குப்பையில் பாதி அதில் போய்விடும். திட்டம் அமோகமாக நடந்தது. மேலிடத்தில் இருந்து வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சூட்டோடு சூடாக அதே திட்டத்தைத் தூக்கிக்கொண்டு பாசிர் கூடாங்கிற்கு வந்தோம். மின்தூக்கி இல்லாத ஐந்து மாடி. தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிற ஆட்கள். கொல்லை என்று சொல்லிக்கொள்ள ஒரு சாண் மண் கிடையாது. திட்டம் மட்டும் அதே திட்டம்.

அந்த அடுக்குமாடியின் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் மாரியப்பன் சார், தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நான் குறைத்துச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அவர் மாதிரி ஒரு தலைவர் எல்லா அடுக்குமாடிக்கும் கிடைத்தால் உங்களுக்கு வேலையே இருக்காது. கீழே இருந்த குப்பைக் கொட்டகை கூரை சரிந்து, எலியும் புழுவுமாகக் கிடந்தது. எத்தனையோ தடவை மனுக் கொடுத்துப் பார்த்துவிட்டார். நகராண்மைக் கழகம் அடுக்குமாடிகளுக்குள் குப்பை குறைப்புப் போட்டி ஒன்று வைத்தது; ஜெயிக்கிற இடத்துக்குப் புதுக் கொட்டகை கட்டித் தருவோம் என்றது. சார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் சங்கத்துத் தொண்டர்கள் தராசோடு மாடி மாடியாக ஏறுவார்கள். வீட்டு வாசலில் வைத்திருக்கும் குப்பைப் பையை நிறுப்பார்கள். எடை குறைந்த வீட்டுக்குக் கீழே அறிவிப்புப் பலகையில் ஒரு பச்சை இலை ஒட்டுவார்கள். எதிர்ப் பிளாக்கின் சுவரில் மூன்று மொழியிலும் பெரிய பதாகைகள் தொங்கின. மலாயிலும் சீனத்திலும் சாதாரணமாக ஏதோ எழுதியிருந்தது. தமிழுக்கு மட்டும் சார் தானே உட்கார்ந்து, எதுகை மோனை பார்த்து எழுதினார்: ‘கழிவில்லா வீடே கண்ணியமான வீடு’. படித்துவிட்டு எல்லாரும் கைதட்டினார்கள்.

நடுவர்கள் வருவதற்குச் சில நாள் முன்பு சார் என்னைக் கூப்பிட்டார். மூன்றாவது மாடியில் தேவி என்று ஒரு பெண் வீட்டில்தான் எப்போதும் எடை குறைவு. பலகையில் அவள் பெயருக்குக் கீழே இலைகள் மரம் மாதிரி நிற்கின்றன. நடுவர்கள் முன்னால் அவளைப் பேச வைக்க வேண்டும், நீங்கள் போய்க் கேளுங்கள் என்றார்.

நானே அந்த வீட்டுக்குப் போவதாகத்தான் இருந்தேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலதிகாரியாக இருந்த மலாய்க்காரப் பெண்மணி ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தக் குடியிருப்புக்குப் போனாலும் குப்பை அதிகம் போடுகிற வீட்டை விட்டுவிட்டு, மிகக் குறைவாகப் போடுகிற வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார். ஒன்று, நமக்குத் தெரியாத ஏதோ ஒரு வழி அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இல்லையென்றால் அந்த வீட்டில் ஏதோ கஷ்டம் இருக்கும் என்பார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தேவி கதவைத் திறந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் காலை வேலை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். “செருப்பு போட்டுக்கிட்டே வாங்க மேடம், தரை ஈரமா இருக்கு” என்றாள். உள்ளே கிருமிநாசினி வாசம். கூடத்திலேயே, ஜன்னலை ஒட்டி, ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் அவள் கணவர் கணேசன் படுத்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மழையில் ஷிப்ட் முடித்து வரும்போது மோட்டார் சைக்கிள் சறுக்கி, கழுத்து எலும்பு அடிபட்டு, கீழே எதுவும் அசையாமல் போய்விட்டது. பேச்சும் நினைவும் தெளிவு. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது.

என் மாமியாரை நான் படுக்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிற வீட்டில் எவ்வளவு குப்பை சேரும் என்று எனக்குத் தெரியும். டயப்பர், கையுறை, பஞ்சு, மருந்துப் பட்டை. இந்த வீட்டுப் பைக்கு எப்படி எடையே இல்லாமல் போகும்? வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். தேவியோடு சமையலறைக்குள் போய், டயப்பரை எல்லாம் எங்கே போடுகிறாய் என்று கேட்டேன்.

“காலையில வேலைக்குப் போறப்ப மோட்டர் சைக்கிள்ல மாட்டிக்கிட்டுப் போயிருவேன் மேடம். கடை வரிசைக்குப் பின்னால பெரிய குப்பைத் தோங் இருக்குல்ல, அதுல போட்டுருவேன்.”

“ஏன்மா?”

“சனிக்கிழமை தராசைத் தூக்கிட்டு வர்றாங்க. எங்க பையைத் தூக்குறப்பவே மூக்கைப் பொத்துறாங்க. அவருக்கு அங்கேர்ந்து எல்லாம் தெரியுது. பேசாம நானே கொண்டு போயிரலாம்னு…” அவள் குரல் இறங்கியது. “அதுகூட பரவால்ல. இப்ப சரியா சாப்பிட மாட்டேங்கிறாரு. தண்ணியும் ரெண்டு வாய்க்கு மேல குடிக்கிறதில்ல. போன வாரம் கிளினிக்லேர்ந்து நர்ஸ் மிஸ்ஸி வந்தாங்க. ஏன் இவ்வளவு இளைச்சுட்டாருன்னு என்னை ஏசிட்டாங்க. தண்ணி குடிக்கலன்னா கிட்னி போயிரும், அடுத்த தடவையும் இப்படி இருந்தா ஆஸ்பத்திரியில சேர்த்திருவேன்னு சொல்லிட்டாங்க. நான் வேலைக்குப் போகலன்னா வீடு ஓடாது. நான் என்னா செய்வேன் மேடம்?”

கூடத்தில் இருந்து கணேசன் கூப்பிட்டார். நான் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே எதிர்ப் பிளாக்கின் சுவர் தெரிந்தது. அவர் படுத்திருந்த இடத்தில் இருந்து மூன்று பதாகைகளில் ஒன்றுதான் முழுதாகத் தெரியும். தமிழ்.

“கழிவில்லா வீடே கண்ணியமான வீடு” என்று அவர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பிறகு சொன்னார்: “இந்த வீட்டுல கழிவுன்னா அது நான்தானே மேடம். உள்ள போனாத்தானே வெளிய வரும். நான் கொறைச்சுக்கிட்டா இவளுக்கு வேலை மிச்சம். பாருங்க, எத்தனை இலை வாங்கிக் குடுத்திருக்கேன்.”

சிரிக்கப் பார்த்தார். என்னால் முடியவில்லை. அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கழிவு என்ற சொல்லுக்கு ‘வேஸ்ட்’ என்று அர்த்தம் சொல்லிக்கொண்டு நாங்கள் எல்லாரும் கைதட்டியிருக்கிறோம். அதே சொல்லுக்கு நம் வீடுகளில் இன்னோர் அர்த்தம் இருப்பது தமிழ் பேசுகிற யாருக்குத் தெரியாது? மலாயில் எழுதியதைப் படித்து இந்த மனிதர் பட்டினி கிடந்திருக்க மாட்டார். தாய்மொழியில் எழுதியதால்தான் அது கட்டில்வரை போய்ச் சேர்ந்தது.

என்ன செய்வது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே யோசித்தேன். சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று அவருக்குப் புத்தி சொல்வது சுலபம். மிஸ்ஸி அதைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். பதாகையும் தராசும் இருக்கிறவரை அவர் கேட்கப் போவதில்லை. “சார்கிட்ட மட்டும் சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

“சார் நல்ல மனுசன். சொல்லுங்க. ஆனா வேற யாருக்கும் வேணாம். என்னைப் பத்திப் பேச அங்க ஒரு மீட்டிங் வேணாம் மேடம்.”

சரி என்று வாக்குக் கொடுத்தேன். நேராகக் கீழே இறங்கி சாரிடம் போனேன். முழுதும் கேட்ட பிறகு அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் வாத்தியார் அல்லவா, முதலில் வாதாடினார். “கழிவுன்னா அந்த ஒரு பொருள் மட்டுமாம்மா? அகராதியில பாருங்க. நான் எந்த அர்த்தத்துல எழுதினேன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“அகராதியில சரியாத்தான் இருக்கு சார். அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு வாசிச்சுப் பாருங்க” என்றேன். கொஞ்சம் காரமாகத்தான் சொன்னேன்.

சிறிது நேரம் கழித்து அவரே ஒரு வழி சொன்னார். நோயாளி இருக்கும் வீட்டுக்கு எடையில் விலக்குக் கொடுத்துவிடலாம். கதவில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் தொண்டர்கள் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். இருவரும் மேலே போய் தேவியிடம் கேட்டோம். அவள் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றாள்.

“சார், கோவிச்சுக்காதீங்க. எங்க கதவுல மட்டும் தனியா எதுவும் ஒட்டாதீங்க. போற வர்றவங்க எல்லாம் அதைப் படிப்பாங்க. அதுக்கு நான் மோட்டர்லயே கொண்டு போயிக்கிறேன்.”

தம்பி தங்கைகளே, நம் வேலையில் அடிக்கடி வருகிற இடம் இது. பத்துப் பேருக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றைச் செய்துவிட்டு, பொருந்தாத பதினோராவது ஆளுக்கு ‘உங்களுக்கு மட்டும் சலுகை’ என்போம். அவர் அதை வேண்டாம் என்று சொன்னால் நமக்கு மனத்தாங்கல் வேறு. சலுகை வாங்குகிற கை எப்போதும் கூசும். விலக்குக் கொடுக்க வேண்டிய நிலைமை வந்தால், விதி எழுதிய விதத்தில்தான் கோளாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படியிறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். யார் வீட்டுப் பையையும் இனி நிறுக்கக் கூடாது. ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு தொட்டி, பெயர் கிடையாது, நம்பர் கிடையாது. குழந்தை டயப்பரோ பெரியவர்கள் டயப்பரோ பெண்களின் நாப்கினோ, கேள்வி இல்லாமல் போடலாம். தராசை எடுத்தால் போட்டிக்குக் காட்ட எடைக் கணக்கு இருக்காது, கொட்டகை போய்விடும் என்று சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எலியை மிதித்து விழுந்த பிள்ளைகளின் தாய்மார்களும் அந்த அடுக்குமாடியில் இருந்தார்கள். அவர்களுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கொட்டகை அடுத்த வருடம்கூட வரும். கணேசனுடைய சிறுநீரகம் அப்படிக் காத்திருக்காது.

அன்று மாலையே நான் சொல்லித் தமிழ்ப் பதாகையை இறக்கினோம். அங்கேதான் வினையே ஆரம்பித்தது.

யோசித்துப் பாருங்கள். மலாய்ப் பதாகை தொங்குகிறது, சீனப் பதாகை தொங்குகிறது, நடுவில் தமிழ் இருந்த இடம் வெறும் சுவர். இந்த நாட்டில் அறிவிப்புப் பலகையில் தமிழ் விடுபட்டால் நமக்கு எப்படி வலிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாரோ படம் பிடித்து, குடியிருப்பாளர்களின் கைப்பேசிப் புலனக் குழுவில் போட்டுவிட்டார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் என் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. தமிழ் மட்டும் எங்கே? யார் சொல்லி இறக்கினீங்க? அலமாக், ஒரு தமிழச்சியே தமிழை இறக்கிட்டா லா. பெரிய பதவி வந்தா அப்படித்தான். எனக்கு நன்றாகத் தெரிந்தவர்களே எழுதினார்கள்.

ஒரே வரியில் எல்லாருடைய வாயையும் அடைத்திருக்க முடியும். மூன்றாவது மாடியில் ஒருவர் இதைப் படித்துப் பட்டினி கிடக்கிறார் என்று எழுதினால் போதும். சார் பதறிப்போய் என்னை அழைத்தார். “சொல்லிரட்டுமாம்மா? பேர் போட மாட்டேன்.” மூன்றாவது மாடியில் படுக்கையில் இருப்பவர் ஒருவர்தான், பெயர் எதற்கு என்றேன். என் அப்போதைய மேலதிகாரியும் விளக்கம் கேட்டார். சொல் சரியில்லை, வேறு எழுதித் தொங்கவிடப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான், பொய் இல்லை. குழுவிலும் அதையே எழுதினேன். உடனே ஒருவர், மேடத்துக்கு முதலில் தமிழ் தெரியுமா என்று கேட்டார். அதற்குக் கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். நான் பட்ட அவமானத்தை மறைக்கவில்லை; உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலை எடுத்துப் பார்த்தபோது குழு அமைதியாக இருந்தது. கடைசியாக மாரியப்பன் சார் எழுதியிருந்தார்: ‘சொல்லில் பிழை இருந்தது. எழுதியவன் நான். பிழை என்னுடையது. இறக்கச் சொன்னதும் நான்தான்.’ காரணம் எதுவும் எழுதவில்லை. தமிழில் ஒருவர் ஒற்று விட்டாலே விடாத மனிதர் அவர். அவருடைய மாணவர்களின் பிள்ளைகள் எல்லாம் அந்தக் குழுவில் இருந்தார்கள். அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. இறக்கச் சொன்னது நான்தான் என்று நானும் திருத்தப் போகவில்லை. திருத்தியிருந்தால் அவர் மனது புண்பட்டிருக்கும்.

தொட்டி வைக்கும் பேச்சு வந்தபோது சங்கக் கூட்டத்தில் இன்னொரு முட்டுக்கட்டை. “அதை யாரு கீழ தூக்கிட்டுப் போறது?” என்று ஒருவர் கேட்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாலாவது மாடியில் கைக்குழந்தையோடு இருந்த மலாய்க்காரப் பெண் எழுந்தாள். சனிக்கிழமைத் தராசுக்குப் பயந்து, தான் வெள்ளிக்கிழமை வந்தால் டயப்பரை அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, தன் மாடித் தொட்டியைத் தானே இறக்குகிறேன் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அதில் பாதிப் பேர் அதையே செய்துகொண்டிருந்தவர்கள் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. சார் எழுந்து, மூன்றாவது மாடி என் பொறுப்பு என்றார். அவர் கையுறை மாட்டிக்கொண்டு அந்தப் பையோடு படியிறங்கியதைப் பார்த்த பிறகு மற்ற மாடிகளுக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

புதுப் பதாகையில் சார் எழுதிய வரி: ‘குப்பையைப் பிரித்துப் போடுவோம்’. எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. எல்லாருக்கும் புரிந்தது.

நடுவர்கள் வந்தார்கள். தொட்டிகளைப் பார்த்தார்கள், சமையலறை மிச்சம் சேர்க்கிற வாளிகளைப் பார்த்தார்கள், பரவாயில்லையே என்றார்கள். எடைக் கணக்கு எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஏன் இல்லை என்று கேட்டார்கள். நிறுப்பதை நிறுத்திவிட்டோம் என்றேன். அவர்கள் குறித்துக்கொண்டு போனார்கள். வேறோர் அடுக்குமாடி ஜெயித்தது.

முடிவு வந்த அன்று மூன்றாவது மாடிக்கு ஏறினேன். பதாகை இறங்கிய பிறகு கணேசன் கொஞ்சம் கஞ்சி குடிக்கிறார் என்று தேவி சொல்லியிருந்தாள். ஆனால் தண்ணீர் விஷயத்தில் இன்னும் பிடிவாதம்தான். மிஸ்ஸி மறுபடி வருகிற வாரம் அது. யாரோ அதற்குள் போட்டி முடிவைக் கணேசனிடம் சொல்லியிருந்தார்கள். நான் உட்காரும் முன்பே கேட்டார்.

“எங்களாலதான் கொட்டகை போச்சு, இல்ல மேடம்?”

இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் இனி யார் சொல்வதையும் நம்பமாட்டார்.

“தராசு இருந்திருந்தா ஒருவேளை ஜெயிச்சிருப்போம்” என்றேன். “தராசை எடுத்தது நான். உங்களைப் பார்த்த பிறகுதான் எடுத்தேன். மறுபடி கேட்டாலும் எடுப்பேன். கொட்டகைக்கு வேற மனு குடுப்போம். நீங்க இருக்கணும் கணேசன். உயிரோட இருக்கிற மனுசங்க வீட்டுல எல்லாம் கழிவு இருக்கும். இல்லாத வீடு காலி வீடு.”

கண்ணோரத்தில் வழிந்ததைத் துடைக்க அவருக்குக் கை வராது. நான் துடைத்தேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டு படியில் ஓடினார்கள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

“தேவி, மேடத்துக்குத் தேத்தண்ணி கலக்கு.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “எனக்கும் ஒரு குவளை. பெருசா.”

அவள் தலையணையைத் தூக்கி வைத்து, குவளையை அவர் உதட்டில் பிடித்தாள். அவர் குடித்தார். நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் குடித்தார். அவர் முழுதும் குடித்து முடிக்கும்வரை நான் என் தேத்தண்ணியைத் தொடவில்லை.